பயிற்சிக்கு வருகிறவர்களும் நம் மாணவர்கள்தாம்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். நம் தெருக்கூத்துப் பள்ளியில் பயிற்சி பெற அனுமதி கேட்டு இந்த ஆண்டும் கல்லூரிகளிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. எத்தனை பேர் வந்தாலும் சேர்த்துக்கொள்ளலாம், செலவில்லாத ஆள்பலம்தானே என்று செயற்குழுவில் சொன்னீர்கள். உங்கள் நல்லெண்ணத்தில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. பள்ளிக்கூரை ஒழுகியபோது மாந்தோப்புக் குத்தகைப் பணத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தவர் நீங்கள். ஆனால் இந்த யோசனை எனக்கு ஒப்பவில்லை. இதைத் தனியாகச் சொல்லாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களிலும் நம்மைப் போலவே ஒரு கலைப்பள்ளியையும் அதைத் தாங்க ஓர் அறக்கட்டளையையும் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

நம்மிடம் உதவிக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. சனிக்கிழமைதோறும் வந்து ரசீதுப் புத்தகத்தைச் சரிபார்க்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வேடத் துணிகள் கிழிந்தால் கூலி வாங்காமல் தைத்துக் கொடுக்கும் பாப்பாரப்பட்டித் தையல்காரர், டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு ஆட்டப் பெட்டியை ஏற்றிச் செல்லும் வேன்காரர், இவர்களெல்லாம் தன்னார்வலர்கள். இவர்களுக்கு வேறு வருமானம் இருக்கிறது. கூத்தின் மேல் உள்ள பிரியத்தால் நேரத்தைக் கொடுக்கிறார்கள். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் நிலை வேறு. படிப்பில் களப்பயிற்சி கட்டாயம் என்பதால் கல்லூரி அனுப்புகிறது, அவர்கள் வருகிறார்கள். நம்மிடம் ஏதோ கற்றுக்கொள்ள முடியும் என்று நம்பித்தான் வருகிறார்கள். கூத்தின் ஆட்ட அசைவுகளான அடவு பழக வரும் எட்டாம் வகுப்புப் பையனை நாம் வேலைக்காரனாக நினைப்பதில்லை. அலுவலக அறையில் உட்காருகிற கல்லூரிப் பெண்ணையும் அப்படி நினைக்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

போன கோடையில் வந்த இருவரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்கள் வேண்டாம், உங்களுக்குத் தெரியும். அரூர்ப் பக்கத்துப் பெண் சமூகப்பணியில் முதுகலை படிக்கிறாள். ஊத்தங்கரைப் பக்கத்துப் பையன் தமிழ் இலக்கியம். இருவருமே தங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் தலைமுறை. 2021-லிருந்து அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆகவே அந்தப் பெண்ணுக்குப் பஸ் செலவே இருக்காது என்று குழுவில் ஒருவர் சொன்னார். அரூரிலிருந்து தருமபுரிக்கு அவள் வருவது புறநகர்ப் பேருந்தில். டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். பிறகு தருமபுரியில் இறங்கிப் பென்னாகரம் பஸ் பிடிக்க வேண்டும். பையனுக்கோ எந்தப் பஸ்ஸாக இருந்தாலும் காசுதான். பள்ளிக் குழந்தைகள் வருகிற நாளில் மட்டும் நம்மிடம் உலை ஏறும். மற்ற நாட்களில் மதியச் சாப்பாடும் அவர்கள் கைக்காசு. கூத்துக்குப் பேசும்போது தொகையைக் குறைக்கப் பார்க்கும் ஊர்க்காரர்களிடம் நீங்கள் எவ்வளவு கறாராக நிற்பீர்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். 'ஆடுகிறவனுக்கும் வயிறு இருக்கிறது' என்று அவர்களிடம் நீங்கள் சொல்கிற நியாயம் இந்தப் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

பஸ் காசைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நாம் இதுவரை பேசியதே இல்லை. கல்லூரிகள் பிள்ளைகளை அனுப்புவது சித்திரை, வைகாசியில். நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரதக் கதையைச் சொல்லியும் ஆடியும் பாரதத் திருவிழா நடக்கும் காலமும் அதுதான். ஓர் ஊரில் பதினெட்டு நாள் பாரதம் என்றால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, இடையில் ஒருநாள் அர்ச்சுனன் தபசு மரம் ஏற வேண்டும், கடைசியில் துரியோதனன் வீழும் படுகளத்துக்கு மண்ணால் அவன் உருவத்தைக் கிடத்த வேண்டும். நம் கூத்து வாத்தியாரும், முகவீணை என்னும் சிறு ஊதுகருவி வாசிக்கும் முகவீணைக்காரரும், மிருதங்கக்காரரும் ஓர் ஊர் முடிந்தால் அடுத்த ஊர் என்று போய்க்கொண்டே இருப்பார்கள். அவர்கள் ஆண்டு முழுவதும் சாப்பிடுவது அந்த மாதங்களின் வருமானத்தில். விடியும்வரை ஆடிவிட்டு வந்து, முகத்து அரிதாரம் முழுதாகப் போகாமலே தூங்குகிற மனிதரிடம், காலை பத்து மணிக்கு ஒரு பெண் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றால் அவர் என்ன சொல்லிக் கொடுப்பார்? ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆட்டம் இல்லாமல் அதே வாத்தியார் பேச ஆள் கிடைக்காதா என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அப்போது பிள்ளைகள் செமஸ்டர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆக, பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நம்மிடம் மிஞ்சுவது அலுவலகக் கணினியும் தட்டச்சு வேலையும்தான். கூத்துப் பள்ளிக்கு வந்து கூத்தையே பார்க்காமல் திரும்பிப் போகிறார்கள்.

பையனாவது பெட்டியோடு வேனில் ஏறிக் காரிமங்கலம் பக்கம் சில ஆட்டங்களுக்குப் போனான். பெண்ணால் போக முடியவில்லை. இரவில் எங்கே தங்குவாள், யார் துணை, விடிந்ததும் எப்படித் திரும்புவாள் என்று நாம் ஓர் ஏற்பாடும் செய்யவில்லை. அவள் வீட்டில் அனுப்ப மாட்டார்கள் என்று நாமே முடிவு செய்துவிட்டோம். வீட்டில் யாரையும் கேட்கக்கூட இல்லை. வாத்தியாரின் மனைவி பெரும்பாலான திருவிழாக்களுக்கு உடன் போகிறவர். அவரோடு தங்குவதற்கு ஊர்க்காரர்களிடம் ஒரு வீடு கேட்டால் கொடுக்க மாட்டார்களா? இரவில் நடக்கிற கலையைப் பெண்கள் கற்க வேண்டும் என்று நாம் உண்மையிலேயே விரும்பினால், தங்குமிடத்தையும் துணையையும் முதலில் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் அவர்கள் செய்துவிட்டுப் போனதைப் பாருங்கள். வாத்தியார் வீட்டு டிரங்குப் பெட்டியில் அவருடைய அப்பா காலத்திலிருந்தே சேர்ந்துகிடந்த திருவிழா நோட்டீஸ்களை அந்தப் பையன் வெளியே எடுத்தான். மஞ்சளும் இளஞ்சிவப்புமாக, பூச்சி அரித்து, மடிப்பில் கிழிந்த தாள்கள். மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொரு வரிசை மேலும் ஒரு கைத்தாளத்தை வைத்துத் தரையில் பரப்பினான். பல நோட்டீஸ்களில் ஆங்கில ஆண்டு இல்லை, தமிழ் ஆண்டின் பெயர் மட்டும்தான். ருத்ரோத்காரி என்றால் 1983 சித்திரையில் தொடங்கிய ஆண்டு என்று அறுபது ஆண்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டு எழுதினான். எந்த ஊர், எந்தக் கோயில், எந்த இரவில் என்ன கூத்து, யாருக்கு என்ன வேடம் என்று ஒரு பதிவேடு உருவானது. அதில் பெண் வேடக்காரர்கள் வரிசையில் தன் அப்பாவின் பெயரைப் பார்த்ததும் வாத்தியார் வாசித்ததையே திரும்பத் திரும்ப வாசித்தார். அவர் அப்பா பெண் வேடம் கட்டியதை அவர் பார்த்ததே இல்லையாம்.

அந்த நோட்டீஸ்கள் இன்னொரு வேலைக்கும் ஆயின. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-லேயே வந்துவிட்டது. நம் முகவீணைக்காரர் அதில் இன்னும் உறுப்பினர் இல்லை. போன கோடைவரை யாரும் அவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவில்லை. இரவெல்லாம் வாசிக்கிறவரை யார் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்? அவர் பெயர் அச்சான நோட்டீஸ்களைச் சான்றாகப் பிரதி எடுத்து விண்ணப்பத்தோடு சேர்த்தவள் அந்த அரூர்ப் பெண்.

அணிகலன் பதிவேடும் அவள் எழுதியதுதான். கிரீடம், தோளில் கட்டும் மர அணியான புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, எதில் கண்ணாடி உதிர்ந்திருக்கிறது, எது யார் செதுக்கியது என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். எல்லாக் கட்டையும் ஏன் கல்யாண முருங்கை மரத்திலேயே செய்கிறீர்கள் என்று ஒருநாள் வாத்தியாரிடம் கேட்டிருக்கிறாள். தூக்கக் கலக்கத்தில் இருந்தவர் எழுந்து வந்து, ஒரு ஜோடி புஜக்கட்டையை அவள் தோளில் கட்டிவிட்டு, கையைத் தூக்கு, சுற்று என்று சொல்லியிருக்கிறார். விடிய விடியச் சுமக்க வேண்டிய பாரம், கனமான மரம் ஆகாது என்பது அவளுக்கு அப்போது புரிந்தது. அந்தக் கோடையில் அவளுக்குக் கிடைத்த உண்மையான பாடம் அதுதான் என்பேன். அதுவும் தற்செயலாகக் கிடைத்தது. நாம் திட்டமிட்டுக் கொடுத்ததல்ல.

அலுவலக வேலையே கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது என் வேலை, அதன் அருமை எனக்குத் தெரியும். 2021-22 நிதியாண்டிலிருந்து நன்கொடை கொடுத்தவர் ஒவ்வொருவருடைய பெயர், பான் எண், தொகை எல்லாவற்றையும் மே 31-க்குள் வருமான வரித்துறைக்குக் கணினி வழியே ஏற்ற வேண்டியிருந்தது. அதனால்தான் கோடையில் வருகிற பிள்ளைகள் தலையில் அந்தப் பட்டியல் விழுந்தது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடையாது, நெல் மூட்டையாகக் கொடுத்தாலும் கிடையாது. இது தெரியாமல் நம் ஊர்க்காரர்கள் கேட்கும்போது பதில் சொல்லத் தெரிய வேண்டும். ஓர் அறக்கட்டளை எப்படி நிற்கிறது, எங்கே சறுக்கும் என்பதைச் சமூகப்பணி படிக்கிற பெண் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் ஏது? ஆனால் உட்கார வைத்து விளக்க ஒருவர் வேண்டும். வாரத்தில் இரண்டு மாலை நான் வருகிறேன். ரசீதிலிருந்து தணிக்கை அறிக்கை வரைக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். எனக்கு இதில் மனநிறைவு உண்டு.

குழந்தைகளைப் படம் எடுத்து இணையத்தில் போடும் வேலையை மட்டும் முதல் வாரத்திலேயே அவர்களிடம் கொடுக்காதீர்கள். வேடம் கட்டிய சிறுமியின் படம் அழகாகத்தான் இருக்கும். 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிறையாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெற்றோரைக் கேட்பதுதான் முறை. சேர்க்கைப் படிவத்திலேயே ஒரு பத்தி சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடலாம்.

பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். ஓசூர் பக்கத்து ஆலைகளுக்கு நாம் விண்ணப்பம் அனுப்பிக்கொண்டுதானே இருக்கிறோம்? 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, சட்டம் சொல்லும் வரம்பை எட்டிய பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அதன் ஏழாவது அட்டவணையில் மரபுக் கலைகளின் வளர்ச்சியும் இருக்கிறது. அந்தச் சமூகப் பொறுப்பு நிதியைப் பெற 2021 ஏப்ரல் முதல் தேவைப்படுகிற சிஎஸ்ஆர்-1 பதிவும் நம்மிடம் இருக்கிறது. நாம் அனுப்பிய திட்ட மதிப்பீட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒலிபெருக்கிக்கு ஒரு வரி இருக்கிறது, பந்தலுக்கு ஒரு வரி இருக்கிறது. பயிற்சி மாணவர் உதவித்தொகை என்று ஒரு வரி எதிலும் இல்லை. நாம் கேட்காததை யார் தருவார்கள்? அந்த விண்ணப்பத்துக்கான வருகைப் பதிவுகளையும் குழந்தைகள் விவரத்தையும் தொகுத்தது யார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அந்தத் தொகை வரும்வரை நம்மில் ஒவ்வொருவரும் மாதம் கொஞ்சம் போட்டுப் பஸ் கட்டணத்தையும் மதியச் சாப்பாட்டையும் சமாளிக்கலாம். என் பங்கை நான் இந்த மாதமே கட்டுகிறேன்.

ஆகவே, வருகிறவர்கள் எல்லோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டாம் அண்ணா. மூன்று பேர் போதும். ஒரே மாதத்தில் வந்து போகிறவர்களைவிட, வாரத்துக்கு இரண்டு நாள் களப்பணி என்று பருவம் முழுவதும் வரக்கூடிய சமூகப்பணி மாணவர்களைக் கல்லூரிகளிடம் கேட்போம். மழைக்காலத்தில் வாத்தியாரிடம் உட்கார்ந்து பாட்டும் கதையும் கேட்டவர்கள் சித்திரையில் ஆட்டத்துக்குப் போனால், பார்ப்பது என்னவென்று அவர்களுக்குப் புரியும். ஒவ்வொருவருக்கும் தொடக்கம் முதல் முடிவு வரை அவர்களுடையதாக ஒரு வேலை இருக்கட்டும். 'ஒரு மாதம் பயிற்சி பெற்றார்' என்று எல்லோருக்கும் ஒரே வாசகத்தில் சான்றிதழ் அடிப்பதை நிறுத்துவோம். நோட்டீஸ் பதிவேட்டை உருவாக்கியவர் என்று அந்தப் பையனுக்கும், அணிகலன் பதிவேட்டை எழுதியவர் என்று அந்தப் பெண்ணுக்கும் எழுதிக் கொடுத்தால், நாளைக்கு ஒரு நேர்காணலில் அது அவர்களுக்குப் பேசும். ஆண்டறிக்கையில் நன்கொடையாளர்கள் பெயரோடு இவர்கள் பெயரும் வர வேண்டும்.

போன கோடைக்கான பஸ் கட்டணத்தையும் இருவருக்கும் இப்போதாவது கொடுத்துவிட வேண்டும். டிக்கெட்டுகளை அந்தப் பெண் பத்திரமாக வைத்திருந்தாள். பையனிடம் இல்லை, ஆனால் வழித்தடக் கட்டணம் நமக்குத் தெரிந்ததுதான். இரண்டு வவுச்சரும் எழுதி உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அன்புடன்,
கணக்குப் பார்க்கும் தம்பி