முதலில் இருட்டில் பழகு

அன்புள்ள கண்ணா,

பிப்ரவரியில் நீயும் மருமகளும் நார்வேயில் இருக்கும் டிரோம்சோ போகிறீர்கள் என்று நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. துருவ ஒளியைப் படமெடுக்கக் கூட்டிப்போகும் டூரில் சேரலாமா, இல்லை ஒரு காரை வாடகைக்கு எடுத்து நாமே போய்விடலாமா என்று கேட்டாய். டூரிலேயே சேர் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஏன் என்று விளக்க அப்போது நேரமில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், ஆனால் கிளம்புவதற்கு முன் முழுவதும் படித்துவிடு.

முதல் விஷயம் மேகம். எல்லோரும் இன்று துருவ ஒளி பலமாக வருமா என்றுதான் செயலியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த ஒளி தரையிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டரிலும் அதற்கு மேலேயும் நடக்கிறது, மேகமோ 10 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். அதனால் மேலே எவ்வளவு ஆடினாலும் கீழே ஒரு போர்வை விரித்திருந்தால் ஒன்றும் தெரியாது. டிரோம்சோ ஆர்க்டிக் வட்டத்துக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர் வடக்கே இருந்தாலும் வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் அங்கே வருவதால் துறைமுகம் உறைவதில்லை, குளிரும் நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. ஆனால் அதே கடல்தான் மேகத்தையும் பனிப்பொழிவையும் கொண்டுவருகிறது.

நானும் அப்பாவும் ஜனவரி கடைசியில் போனோம் இல்லையா, முதல் நாள் மாலை ஊரில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கு ரத்து செய்துவிடுவார்கள் என்றே நினைத்தேன். கைடாக வந்த பெண் வண்டியில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படம், நார்வே வானிலை நிறுவனத்தின் கணிப்பு, சாலையோரக் கேமராக்கள் என்று மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடற்கரைப் பக்கம் வேண்டாம், உள்ளே போவோம் என்றாள். ஈ8 சாலையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், ஸ்கிபோட்ன் பள்ளத்தாக்கு. கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை லிங்கன் மலைகள் தடுத்துவிடுவதால் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் அந்த இடம் வறண்டது, வானம் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். அங்கேயும் மூடியிருந்தால் எல்லை தாண்டி பின்லாந்தில் கில்பிஸ்யார்வி வரை போவார்களாம். அதனால் பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவிட்டுப் போகாதே, கையிலேயே இருக்கட்டும்.

அந்தச் சாலையைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிச்சயமானது. இருட்டு, இரண்டு பக்கமும் பனிச்சுவர், தரை முழுக்க உறைபனி, எந்த நேரத்திலும் குறுக்கே வரக்கூடிய கலைமான்கள். நீ நன்றாக வண்டி ஓட்டுவாய், எனக்குத் தெரியும். ஆனால் உறைபனியில் ஓட்டிப் பழகாதவன் ஒரு கண் சாலையிலும் ஒரு கண் வானத்திலுமாக இரவு இரண்டு மணிக்கு ஓட்டக் கூடாது. இது ஒன்றுக்காகவே டூரில் சேர். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

சரி, இப்போது நான் போனில் சொல்லாத விஷயத்தைச் சொல்கிறேன். அந்த முதல் இரவு நான் துருவ ஒளியைப் பார்க்கவே இல்லை. அதன் அடியில்தான் நின்றேன், ஆனாலும் பார்க்கவில்லை.

வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தபோது மைனஸ் 19 டிகிரி. வடக்கே ஒரு சாம்பல் நிறப் பட்டை தெரிந்தது, புகை மாதிரி. மேகம் என்று நினைத்தேன். கேமராவை அந்தப் பக்கம் திருப்பி ஒரு படம் எடுங்கள் என்றாள் அந்தப் பெண். எடுத்தால் திரையில் பச்சை! மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் சரியாகப் பிடிபடாது, வெளுப்பாகத்தான் தெரியும். கேமரா பத்து விநாடி ஒளியைச் சேர்த்து வைத்துக் காட்டுகிறது. இதை மருமகளிடம் முன்கூட்டியே சொல்லிவை. படங்களில் பார்த்த பச்சையை எதிர்பார்த்து வந்தவர்கள் சிலர் முதல் அரை மணி நேரம் முகம் வாடி நின்றதைப் பார்த்தேன். பலமாக வரும்போது வெறும் கண்ணுக்கே பச்சை நன்றாகத் தெரியும், அதற்குக் கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும், அதற்கு இருபது முப்பது நிமிடம் ஆகும், அதற்குள் ஒருமுறை போன் திரையைப் பார்த்தாலும் கண் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும்.

பிறகு திடீரென்று அது கிளம்பியது. எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டார்கள். எனக்குக் கேட்டது, ஆனால் நான் குனிந்து ஃபோகஸ் வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தேன். வெகு தூரத்துக்கான முடிவிலிக் குறியில் வைத்தால் போதும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அந்தக் குறியையும் தாண்டி லென்ஸ் திரும்பும் என்று எனக்குத் தெரியாது. கையுறையோடு பட்டன் கிடைக்கவில்லை, கழற்றினால் விரல் மரத்துப்போகிறது, திரை வேறு கண்ணைக் கூசுகிறது. நிமிர்ந்தபோது முடிந்துவிட்டது. நாலைந்து நிமிடம்தான். அறைக்கு வந்து பார்த்தால் ஒரு படத்திலும் நட்சத்திரம் புள்ளியாக இல்லை, எல்லாம் பூசணிக்காய் அளவுக்கு மங்கல், நடுவில் வட்ட வட்டமாகக் கோடுகள் வேறு.

அப்பா கேமராவே கொண்டுவரவில்லை. கைடு பனியில் விரித்துக் கொடுத்த கலைமான் தோலில் அவர் மல்லாந்து படுத்திருந்தார். திரும்பி வரும் வழியில் என் பக்கம் சாய்ந்து, "அடியில ஒரு இளஞ்சிவப்புக் கோடு விறுவிறுன்னு ஓடிச்சே, பார்த்தியா?" என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவ்வளவு தூரம் சேர்ந்து போய், அவர் பார்த்ததை நான் பார்க்கவில்லை. அது எனக்கு இன்னமும் வலிக்கிறது, உனக்கு அப்படி ஆகக் கூடாது.

அதனால் நான் சொல்வது இதுதான். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தினமும் இரவு விளக்கை அணைத்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு கேமராவைக் கையாண்டு பழகு. கண்ணால் பார்க்காமல் ஒளி உணர்திறனுக்கான ஐஎஸ்ஓவையும் ஷட்டர் நேரத்தையும் மாற்ற வர வேண்டும், டிரைபாடை விரித்துப் பூட்ட வர வேண்டும், பேட்டரியை மாற்ற வர வேண்டும். மறுநாள் பகல் முழுக்க அறைத் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு நான் செய்தது அதைத்தான். கை தானாக வேலை செய்தால்தான் தலை நிமிரும்.

அளவுகள் எல்லாம் உனக்குத் தெரிந்தவைதான், ஆனாலும் எழுதிவிடுகிறேன். கிடைக்கிற அகலமான லென்ஸ், எஃப் 2.8 அல்லது அதைவிடத் திறப்பது. ஐஎஸ்ஓ 1600-இல் ஆரம்பித்து 3200 வரை. ஷட்டர்தான் முக்கியம்: மெதுவாக நகரும் ஒளி வில் என்றால் எட்டு பத்து விநாடி வைக்கலாம், வேகமாக ஆடும்போது இரண்டு மூன்று விநாடிக்குக் கொண்டுவந்துவிடு, இல்லாவிட்டால் அந்த மடிப்புகள் எல்லாம் கரைந்து வெறும் பச்சைப் பூச்சாக வரும். வெள்ளைச் சமநிலையை 3500 கெல்வின் பக்கம் வைத்து, பிறகு திருத்த வசதியான ரா (RAW) கோப்பாக எடு. ஃபோகஸுக்கு, காட்சியை நேரடியாகத் திரையில் காட்டும் லைவ் வியூவில் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அது மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடு. லென்ஸ் முன்னால் இருக்கும் கண்ணாடி ஃபில்டரை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடு, என் படங்களில் வட்டக் கோடுகள் வந்தது அதனால்தான். பச்சை ஒளி ஏறக்குறைய ஒரே அலைநீளத்தில், 557.7 நானோமீட்டரில் வருவதால் ஃபில்டரின் இணையான பரப்புகளுக்கு நடுவே பட்டுத் திரும்பி வளையமாகப் பதிந்துவிடுகிறதாம். லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடு. திரை வெளிச்சத்தையும் குறைத்து வை. இருட்டில் திரை பளிச்சென்று தெரிவதை நம்பி, படம் போதுமான வெளிச்சத்தில் வந்திருக்கிறது என்று ஏமாந்துவிடாதே, படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்.

குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். மூன்று எடுத்துப் போ, இரண்டை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள். முடிந்து வண்டியில் ஏறுவதற்கு முன், வெளியில் நிற்கும்போதே கேமராவைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூடிவிடு. சூடான இடத்துக்கு அப்படியே கொண்டுபோனால் லென்ஸ் உள்ளும் புறமும் நீர் கோத்துக்கொள்ளும். மெமரி கார்டை மட்டும் முதலில் எடுத்துவிடு, இல்லாவிட்டால் படங்களைப் பார்க்கும் ஆவலில் பையைத் திறந்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா!

உடைக்கு, உடம்போடு ஒட்டிப் பருத்தி வேண்டவே வேண்டாம், வியர்த்தால் காயாமல் குளிரை உள்ளே இழுக்கும். மெரினோ கம்பளி போடு. பல டூர்களில் மேலே போட்டுக்கொள்ள முழு உடையும் பூட்ஸும் தருகிறார்கள், பூட்ஸ் சற்றுத் தளர்வாக இருக்கட்டும், இரண்டு காலுறையைத் திணித்து இறுக்கினால் ரத்தம் ஓடாமல் கால் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். நீ படமெடுக்கும் வேகத்தில் மறந்துவிடுவாய், மருமகள் சும்மா நிற்பவள், அவளுக்குத்தான் முதலில் குளிரும், நடுநடுவே கேட்டுக்கொள்.

பதிவு செய்வதற்கு முன் மூன்று கேள்வி கேள். எத்தனை பேர் வருவார்கள், டிரைபாட் தருவார்களா, மேகம் இருந்தால் எவ்வளவு தூரம் போகத் தயார். ஐம்பது பேர் பஸ்ஸில் ஏறாதே, எட்டுப் பத்துப் பேர் போகும் சிறிய வண்டியில் போனால்தான் கைடு உன் கேமராவைக் குனிந்து பார்ப்பார். அங்கே போன பிறகு மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் வைத்துக்கொள். யாருடைய டிரைபாடுக்கும் முன்னால் போகாதே, எங்கள் குழுவில் ஒருவர் வெள்ளை விளக்கைப் போட்டதும் ஆறு பேருடைய படம் போயிற்று. மொத்தம் நான்கு இரவாவது தங்குங்கள், டூரை முதல் இரவிலேயே வைத்துவிடு, அன்று கிடைக்காவிட்டால் இன்னொரு முறை போக நாள் இருக்கும். பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்குகிறது என்று 0 முதல் 9 வரை சொல்லும் கேபி எண் செயலியில் 2 என்று காட்டினால் சோர்ந்துவிடாதே, அந்த ஊர், துருவ ஒளி அடிக்கடி தோன்றும் வளையத்துக்கு நேர் கீழே இருப்பதால் 2-க்கே நன்றாகத் தெரியும். துருவ ஒளியைத் தூண்டும் சூரியனின் செயல்பாடு உச்சக்கட்டத்தில் இருப்பதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது, அதற்குப் பிறகும் சில வருடம் நல்ல இரவுகள் வரும்.

அப்பா சொன்ன அந்த இளஞ்சிவப்பு என்னை விடவே இல்லை, தேடிப் படித்தேன். பச்சை ஆக்சிஜனிலிருந்து வருவது. மிக மேலே, 200 கிலோமீட்டருக்கு மேல், அதே ஆக்சிஜன் சிவப்பாகிறது. கீழ் ஓரத்து இளஞ்சிவப்பு நைட்ரஜன், விண்ணிலிருந்து வரும் மின்துகள்கள் பலமாக அடித்து ஆழமாக இறங்கும்போதுதான் வரும். இந்த உயரமெல்லாம் எப்படித் தெரிந்தது என்று பார்த்தால் அதுவும் போட்டோவில்தான்! கார்ல் ஸ்டோர்மர் என்ற நார்வே கணித அறிஞர் 1910-இல் ஆல்டா பக்கம் போய், சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கேமராக்களை வைத்து, தொலைபேசியில் பேசிக்கொண்டே இரண்டிலும் ஒரே நொடியில் படமெடுக்க வைத்திருக்கிறார். பின்னால் இருக்கும் நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு உயரத்தைக் கணக்கிட்டார். கண்ணாடித் தகட்டில், அந்தக் குளிரில். உனக்கு இது பிடிக்கும் என்று அப்போதே நினைத்தேன்.

இரண்டாம் இரவும் அதே பள்ளத்தாக்குதான். இந்த முறை இறங்கியதும் நட்சத்திரத்தில் ஃபோகஸ், டேப், தானாகவே படமெடுக்க வைக்கும் இன்டர்வெலோமீட்டரில் மூன்று விநாடிக்கு ஒரு படம் என்று வைத்துவிட்டுக் கேமராவை விட்டு நகர்ந்தேன். அப்பா பக்கத்தில் படுத்துக்கொண்டேன். பத்தரை மணிக்கு வில் உடைந்து திரைச்சீலையாகத் தொங்கியது, காற்றே இல்லாத வானத்தில் அது அலைந்தது, அப்புறம் நேர் உச்சிக்கு வந்து எல்லாப் பக்கமும் கதிராக விரிந்தது, எங்கள் மேலேயே இறங்குவது போல. பனி பச்சையாக இருந்தது, அப்பாவின் முகமும்தான். அடி ஓரத்தில் அந்த இளஞ்சிவப்பு ஓடியது. இருவரும் ஒரே நேரத்தில் "அதோ" என்றோம். பின்னால் ஷட்டர் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்று எடுத்ததில் தேறியது பதினொரு படம், அவற்றை நீ பார்த்திருக்கிறாய். கேமரா மலைப் பக்கம் பார்த்திருந்ததால் உச்சியில் விரிந்தது எதிலும் இல்லை, அதைப் பற்றி எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

என் இன்டர்வெலோமீட்டரைப் பார்சலில் அனுப்புகிறேன், உன் கேமராவும் அதே கம்பெனிதான், சேரும் என்று நினைக்கிறேன், வந்ததும் போட்டுப் பார்த்துச் சொல். அப்பா தன்னுடைய மெரினோ உள்சட்டை இரண்டையும் எடுத்துத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார், அதுவும் சேர்ந்து வரும். கையுறையை மட்டும் உன் அளவுக்கு நீயே வாங்கிக்கொள், உள்ளே மெல்லியது ஒன்று, மேலே தடிமனாக ஒன்று, இந்த வாரமே வாங்கு. பழக வேண்டும்.

அம்மா