ராஜினாமா எழுதுவதற்கு முன்னால்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்பு மகளுக்கு,

பிரான்சில் நீ பார்க்கும் வேலைக்கு ராஜினாமாக் கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே. போனில் நீ அழுதுகொண்டிருந்தாய், அந்த நேரத்தில் சட்டம் பேச மனசு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வக்கீல் ஆபீசில் டைப் அடித்தே தலை நரைத்தவள் நான். பிரெஞ்சுக் காகிதமும் எனக்குப் புதிதில்லை.

நீ சொன்னதில் இரண்டு சங்கதி இருக்கிறது. உன் ஆபீசில் எல்லார் முன்னாலும் அந்த ஆள் உன்னைப் "பாக்கிஸ்தானி" என்று கூப்பிட்டு, உங்கள் ஊரில் இப்படித்தான் கணக்கு எழுதுவார்களா என்று சிரித்தது ஒன்று. நீ வேலை கற்றுக்கொடுத்த பெண்ணுக்குப் பதவி உயர்வு போய், உன் மனு மேஜையிலேயே கிடந்தது இன்னொன்று. முதலாவதைச் சொல்லித்தான் அழுதாய். எனக்கு இரண்டாவதுதான் பெரிசு. இன வசவுக்கு ஒரு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். பாகுபாட்டுக்கு, அது உனக்குத் தெரியவந்த நாளிலிருந்து 5 வருஷம் டைம் இருக்கிறது. அதற்காக ஆறப்போடாதே.

"நிரூபிக்க முடியாதும்மா" என்றாய். முழுசாக நிரூபிக்கச் சொல்லி பிரான்சின் தொழிலாளர் சட்டம் உன்னைக் கேட்கவில்லை. சந்தேகப்பட இடமிருக்கிறது என்று காட்டும் விவரங்களை நீ வைத்தால் போதும். காரணம் உன் பிறப்போ நிறமோ இல்லை, வேறு என்று காட்ட வேண்டியது கம்பெனி பாடு. அதனால் உன்னோடு சேர்ந்தவர்கள், உன் படிப்பே படித்தவர்கள் இப்போது எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்று எழுது. அவர்கள் சம்பளச் சீட்டு உனக்குக் கிடைக்காது, சரிதான். ஆனால் வழக்கு போடுவதற்கு முன்பே அவற்றைக் கொடுக்கச் சொல்லி கம்பெனிக்கு உத்தரவு போட நீதிபதியால் முடியும். வருஷா வருஷம் கொடுத்த மதிப்பீட்டுத் தாள், நல்ல வேலை என்று பாராட்டி வந்த மெயில், எல்லாவற்றுக்கும் நகல் எடு. அந்த ஆள் பேசியதைத் தேதி போட்டு, அவன் சொன்ன பிரெஞ்சு வார்த்தையிலேயே, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதோடு எழுதிவை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேண்டாம், வீட்டு நோட்டில் எழுது. பிறகு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில். (இங்கே பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டில் கலந்துவிட்டார்கள். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.)

உரிமைகளைக் காக்க அங்கே தெஃபான்சர் தே துருவா என்று ஓர் அமைப்பு இருக்கிறது, 3928-க்கு போன் பண்ணலாம், அவர்கள் உதவிக்குக் காசு கிடையாது. விசாரிப்பார்கள், கம்பெனியிடம் காகிதம் கேட்பார்கள், கோர்ட்டுக்குத் தங்கள் கருத்தை எழுதியும் அனுப்புவார்கள். ஆனால் அவர்கள் நீதிபதி இல்லை. அங்கே மனு கொடுத்ததால் அந்த 5 வருஷக் கணக்கு நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. தீர்ப்பு வேண்டுமென்றால் தொழிலாளர் நீதிமன்றம், ப்ரூதோம், அங்கேதான் போக வேண்டும். அதில் பாதிப் பேர் தொழிலாளர் தரப்பு, பாதிப் பேர் முதலாளி தரப்பு. வக்கீல் கட்டாயமில்லை, தொழிற்சங்கத்து ஆள் உனக்காகப் பேசலாம். போலீசுக்கும் போகலாம். பாகுபாட்டுக் குற்றம் உறுதியானால் 3 வருஷம் வரை சிறை, 45,000 யூரோ வரை அபராதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே முழுச் சாட்சியம் வேண்டும், கம்பெனி நிரூபிக்கட்டும் என்ற வசதி கிடையாது. என்னைக் கேட்டால் முதலில் ப்ரூதோம்.

புகார் செய்ததற்காக உன்னை நீக்கினால் அந்த நீக்கம் செல்லாது. திரும்ப வேலையில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். வேண்டாமென்றால் குறைந்தது 6 மாதச் சம்பளம் நஷ்டஈடு, மற்ற வழக்குகளுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு இதற்கு இல்லை. சாட்சி சொல்லப் பயப்படுகிறாளே உன் மார்த்தினிக் தீவுத் தோழி, அவளுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. மெதுவாக எடுத்துச் சொல். நீயே ராஜினாமா கொடுத்துவிட்டு வந்தால் இதில் பாதி கையை விட்டுப் போகும்.

"நமக்கு எதுக்கு வம்பு, தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா இருந்து வாங்கிக் கொடுத்த பாஸ்போர்ட் இருக்கு, வேற வேலை தேடிக்கட்டும்" என்கிறார் அப்பா. இந்தச் சட்டம் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதே இல்லை. பிறப்பு, பெயர், தோற்றம், நீ பாரிஸ் புறநகர் லா கூர்னேவில் குடியிருப்பது, எதை வைத்தும் பிரிக்கக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறது. அப்பாவிடம் பொன்னுத்தம்பிப் பிள்ளை கதையைச் சொன்னேன். 1873-ல் இதே ஊர்க் கோர்ட்டுக்கு பூட்ஸ் போட்டுக்கொண்டு போன தமிழ் வக்கீல். வெள்ளைக்கார வக்கீல் போடலாம், நீ போடக் கூடாது என்று தடுத்தார்கள். அவர் தொழில் செய்த இடம் அது. பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை எழுதிப் போட்டு ஜெயித்தார். கப்பலில் தபால் போன காலம் அது. அப்பா பதில் பேசவில்லை, காபி கேட்டார்.

இந்த வாரமே சங்கத்து ஆளைப் போய்ப் பார். கடைசி மூன்று வருஷ மதிப்பீட்டுத் தாளை ஸ்கேன் பண்ணி எனக்கு அனுப்பு. நிர்வாகத்துக்குப் போகும் கடிதத்தை நானே டைப் அடித்துத் தருகிறேன், பிரெஞ்சில் எழுத்துக்கு மேலே போடும் அக்சாந்த் குறியில் எனக்குப் பிழை வராது. வக்கீல் செலவு வந்தால், வருமானத்தைப் பார்த்து அரசு தரும் சட்ட உதவிக்கு மனு போடலாம், அதையும் அவரிடமே கேள்.

இப்படிக்கு,
அம்மா