துப்பாக்கி வாயில மாட்டுனதெல்லாம் சைலன்சர் இல்லீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல துப்பாக்கி பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், நல்லாத்தான் எழுதியிருக்காரு, ஆனா படத்துக்குக் கீழ போட்டிருந்த வரியப் பாத்ததும் டீ கிளாஸ கீழ வச்சிட்டேன். ஏகே-74 ரைஃபிள் முனையில நீட்டிக்கிட்டு இருக்கற அந்தக் குழாய 'சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர்'னு போட்டிருக்கீங்க. சார், அது சத்தத்தக் குறைக்காது, பக்கத்துல நிக்கறவனுக்குக் கூட்டித்தான் விடும். அது பேரு மசில் பிரேக், மசில்னா துப்பாக்கி வாய், உதையக் குறைக்கறதுக்காக அங்க மாட்டறது. சினிமாவப் பாத்துப் பாத்து துப்பாக்கி வாயில எது இருந்தாலும் சைலன்சர்னே நம்ம ஜனங்களுக்குப் பழகிப்போச்சு. நான் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கறவன், அதனால சும்மா இருக்க முடியல, எழுதறேன்.

சுட்டா துப்பாக்கி தோள்ல உதைக்கும்னு எல்லாருக்கும் தெரியும். உதைக்கறது குண்டு மட்டும் இல்ல, தோட்டாவுல இருக்கற வெடிமருந்து எரிஞ்சு வர்ற கேஸும் சேந்துதான். அமெரிக்க ராணுவத்தோட பழைய எம்16 ரைஃபிள் தோட்டாவ எடுத்துக்கங்க, குண்டு 55 கிரெயின், அதாவது மூணரை கிராம் சொச்சம், உள்ள இருக்கற மருந்து அதுல பாதி எடைக்கு வந்துரும். அந்தப் பாதி எடை மொத்தமும் கேஸாகி, குண்டு வெளிய வந்த அடுத்த நொடியே அதவிட வேகமா, குண்டையே முந்திக்கிட்டுப் பாயும். மோட்டார போட்டு ஹோஸ்ல தண்ணி அடிச்சா ஹோஸ் கைய பின்னால தள்ளுதுல்ல, அதே கதைதான். மசில் பிரேக்கு என்ன பண்ணுதுன்னா குண்டுக்கு மட்டும் நேர் வழிய விட்டுட்டு கேஸ ஒரு சுவத்துல முட்டவச்சு பக்கவாட்டுல திருப்பி விடுது. கேஸ் அந்தச் சுவத்துல மோதறப்ப துப்பாக்கிய முன்னால இழுக்கும், ஓட்டைய கொஞ்சம் பின்பக்கமா சாய்ச்சு வெட்டிட்டா இன்னும் நல்லா இழுக்கும். மருந்து எவ்வளவு அதிகமோ அவ்வளவு பலன், .22 மாதிரி சின்னத் தோட்டா போடற துப்பாக்கியில மாட்டுனா அழகுக்குத்தான்.

ஆனா சும்மா கிடைக்குமா? முன்னால போக வேண்டிய வெடிச்சத்தம் பக்கத்துலயும் பின்னாலயும் திரும்பிருது. சுடறவன் காதும் போச்சு, பக்கத்துல படுத்திருக்கறவன் காதும் போச்சு. அமெரிக்காவோட பாரெட் எம்82 ரைஃபிள் முனையில அம்பு மாதிரி பெருசா ஒண்ணு இருக்கும் பாருங்க, அது இல்லன்னா அந்த .50 தோட்டாவோட உதைய தோள் தாங்கறது கஷ்டம், அது இருந்தா மண்ணுல படுத்துச் சுடறப்ப ரெண்டு பக்கமும் புழுதி கெளம்பி நாம எங்க இருக்கோம்னு ஊருக்கே சொல்லிரும்.

ஃப்ளாஷ் ஹைடர், அதாவது சுடறப்ப முனையில வர்ற நெருப்ப அடக்கறது, வேற சமாச்சாரம். இதையும் கட்டுரையில 'எதிரி கண்ணுக்குத் தெரியாம இருக்க'ன்னு எழுதியிருந்தாரு, முழுசா தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா முக்கிய காரணம் அது இல்ல. நாங்க எஸ்எல்ஆர் ரைஃபிள் வச்சு நைட் ஃபயரிங் பழகறப்ப எங்க உஸ்தாத், பயிற்சி குடுக்கறவரு, சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு, இது எதிரிக்காக இல்லடா, உன் கண்ணுக்காகன்னாரு. இருட்டுக்குக் கண்ணு நல்லா பழகறதுக்கு அரைமணி நேரம் ஆகும், மூஞ்சிக்கு முன்னால ஒரு தடவ பளிச்சுன்னு அடிச்சா அத்தனையும் வீண், மறுபடி மொதல்ல இருந்து.

அந்த நெருப்பு எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சாதான் ஹைடர் ஏன் அப்படி இருக்குன்னு புரியும். மருந்துல எல்லாம் எரியற அளவுக்கு ஆக்ஸிஜன் கெடையாது, அதனால வெளிய வர்ற கேஸ்ல கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் நெறைய இருக்கும், ரெண்டும் எரியற சரக்கு. கேஸ் அடுப்ப தொறந்துட்டு லைட்டர தேடி எடுத்து லேட்டா பத்தவச்சா 'பக்'குனு ஒண்ணு வருமே, அதேதான். சூடான கேஸ் வெளிக்காத்தோட கலந்து திரும்பவும் பத்திக்குது, பெரிய நெருப்புப் பந்து வர்றது இப்படித்தான். ஹைடர்ல இருக்கற பிளவுங்க அந்தக் கேஸ சிதறடிச்சு, பத்திக்கற சூட்டுக்குப் போகவிடாம பண்ணுது. உதைய இது பெருசா குறைக்காது. மருந்துலயே பொட்டாசியம் உப்பு சேத்தும் நெருப்ப அடக்கறாங்க, அப்ப புகை கூடிரும்.

பேரல், அதான் துப்பாக்கிக் குழாய், குட்டையா இருந்தா மருந்து முழுசா வேலைய முடிக்கறதுக்குள்ள வெளிய வந்துருது, நெருப்பு ஜாஸ்தி. ரெண்டாம் உலகப்போர்ல 25 அங்குலம் இருந்த .303 என்ஃபீல்டு பேரல 19க்கும் கம்மியா வெட்டி ஜங்கிள் கார்பைன்னு ஒரு குட்டை ரைஃபிள் பண்ணுனாங்களே, அதுக்கு முனையில புனல் மாதிரி ஒண்ணு வச்சது இதுக்குத்தான். எம்16ல மொதல்ல முன்பக்கம் தொறந்த மூணு விரல் மாதிரி வச்சாங்க, வியட்நாம் காட்டுல செடி கொடியெல்லாம் அதுல மாட்டிக்கிச்சு (சிப்பாய்ங்க அத வச்சு ரேஷன் பெட்டி கம்பிய முறுக்கி அறுத்தாங்கங்கறது தனிக்கதை), அப்புறம் முன்னால மூடி கூண்டு மாதிரி ஆக்குனாங்க. பின்னால வந்த எம்16ஏ2ல கீழ்ப்பக்க ஓட்டைய அடைச்சு புழுதிய கம்மி பண்ணுனாங்க, முனை மேல எகிறறதும் கொஞ்சம் அடங்குச்சு.

ஏகேஎம்னு ரஷ்ய ரைஃபிள் ஒண்ணு, அதோட முனையில சாய்வா வெட்டுன துண்டு ஒண்ணு இருக்கும், அது ரெண்டுலயும் சேராது. சுடச்சுட முனை வலது பக்கமா மேல ஏறும், இது கேஸ அந்தப் பக்கமே தள்ளி முனைய கீழ இடது பக்கமா அழுத்துது. இடதுகைக்காரன் பாடு திண்டாட்டம்தான்.

இதெல்லாம் வெறும் பேர் குழப்பம்னு நெனைக்காதீங்க. அமெரிக்காவுல 1994ல தாக்குதல் துப்பாக்கிகளுக்குத் தடை போட்டப்ப அதுல ஃப்ளாஷ் ஹைடர ஒரு அடையாளமா எழுதி வச்சாங்க, மசில் பிரேக்க எழுதல. கம்பெனிக்காரங்க ஹைடர கழட்டிட்டு பிரேக்க மாட்டி வித்தாங்க, 2004ல அந்தச் சட்டம் காலாவதி ஆகறவரைக்கும் இது ஓடுச்சு.

கடைசியா ஒண்ணு. அதே கட்டுரையில மூணாவது படத்துல அர்ஜுன் டாங்க் இருக்கு, நம்ம ஆவடியில செய்யறது. அதோட பேரல் நடுவுல குண்டா இருக்கறதையும் மசில் பிரேக்னு அம்பு போட்டுக் காட்டியிருக்கீங்க. நடுவுல இருக்கறது எப்படி சார் மசில் ஆகும்? சுட்டதுக்கப்புறம் புகை திரும்பி உள்ள இருக்கறவங்க மூஞ்சிக்கு வராம வெளிய இழுத்து விடறதுக்கு வச்சது அது. இந்தக் காலத்து டாங்க் பீரங்கியில பொதுவா மசில் பிரேக்கே வைக்கறதில்ல. அடுத்த இதழ்ல ரெண்டு படத்துக்கும் திருத்தம் போட்டுருங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவக்காரன் ஒருத்தன்,
வேலூர் மாவட்டம்.