மைக்செட் அண்ணனுக்கும் கூட நின்ற எல்லோருக்கும் நன்றி

கடலூர் மேடையில் அன்று ஸ்பீக்கரில் ஓயாமல் ஒரு இரைச்சல் வந்ததும், அதனால் என்ன ஆனது என்பதும் வந்திருந்தவர்களுக்குத் தெரியும். மெல்லிசைக் குழுக்களில் பின்னால் நின்றே பேஸ் கிட்டார் வாசித்து வந்த என்னுடைய முதல் தனிக் கச்சேரி நின்றுபோகாமல் நடந்ததற்குக் காரணம் மைக்செட் அண்ணன்தான்.

அந்த இரைச்சல் 50 ஹெர்ட்ஸ். பேஸின் ஈ கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்தால் நொடிக்கு ஒருமுறை சத்தம் ஏறி இறங்கும். பாட்டுக் கச்சேரியில் டிரம்ஸ் அதை மூடிவிடும். தனியாக வாசிக்கும்போது மூட டிரம்ஸ் இல்லை; லூப்பரில் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் கருவி) அடுக்கடுக்காகப் பதியும்போது ஒவ்வொரு அடுக்கிலும் இரைச்சலும் சேர்ந்துகொண்டே போகும்.

சார்ஜரின் எர்த் பின்னைப் பிடுங்கிவிடலாம் என்று யாரோ சொன்னதை அண்ணன் ஒப்பவே இல்லை. எங்காவது லீக் ஆனால் கம்பியில் கை வைப்பவன் உயிர் போகும். மேடைக்கு ஒரு பிளக், மிக்சருக்கு வேறு பிளக்; இரண்டு எர்த்துக்கும் நடுவே கேபிள் ஷீல்டு (கேபிளுக்குள் சுற்றியிருக்கும் கம்பி வலை) வழியாகக் கரண்ட் ஓடியதுதான் இரைச்சலுக்குக் காரணம். வயரை நீட்டி, இரண்டுக்கும் ஒரே இடத்தில் லைன் எடுத்தார். மிச்சத்துக்கு, லூப்பர் அவுட்டில் தன்னுடைய டிரான்ஸ்ஃபார்மர் டிஐ பாக்ஸை (கருவியின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் பெட்டி) போட்டு, கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தள்ளினார். அது சிக்னல் கேபிளின் ஷீல்டை மட்டும்தான் துண்டிக்கும், பிளக்கின் எர்த்தைத் தொடாது. அடங்கிவிட்டது.

அவர் வேலை அதோடு முடிந்தது. ஆனால் போகவில்லை. நான் தட்டி வாசிப்பது தோல் மூட்டு கட்டாத மிருதங்கக் கட்டை, பண்ருட்டிப் பலா. அதில் ஒட்டியிருந்த 27 மி.மீ. பீசோ (அதிர்வைச் சிக்னலாக மாற்றும் தகடு) தகரம் போலக் கத்திக்கொண்டிருந்தது. அதன் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி தரும் பிரீஆம்ப் அந்நேரம் செத்திருந்தது. "மைக் இல்லாம ஒருவாட்டி தட்டிக் காட்டுங்க தம்பி, நெசத்துல எப்படிக் கேக்குதுன்னு தெரியணும்" என்றார். குனிந்து, கட்டையின் வாயருகே காது வைத்துக் கேட்டார். பிறகுதான் மிக்சருக்குப் போனார். இந்த மாதிரி இசையை அவர் முன்பு கேட்டதில்லை. இருந்தும் அதன் நிஜச் சத்தம் என்ன என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

பீசோவை மிக்சரின் 10 கிலோ ஓம் லைன் இன்புட்டில் சொருகினால் சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடி ஒலியெல்லாம் தேய்ந்துவிடும். கட்டையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. லூப்பரின் 1 மெகா ஓம் கிட்டார் இன்புட்டுக்கு மாற்றியதும் அடிநாதம் திரும்பி வந்தது.

கல்யாணக் கச்சேரியை விட்டு வந்த குழு நண்பர்கள், புதுச்சேரியிலிருந்து ஸ்பீக்கர் ஏற்றி வந்த தம்பிகள், ராத்திரி வரை கதவைத் திறந்து வைத்த வாட்ச்மேன் ஐயா, கடைசி வரை எழுந்து போகாமல் கேட்டவர்கள், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இனி என் பையில் இரண்டு டிஐ பாக்ஸ் இருக்கும். கடலூர், புதுச்சேரிப் பக்கம் யார் தனியாக மேடை ஏறினாலும் ஒன்றை வாங்கிப் போகலாம், வாடகை வேண்டாம்.