விலை கேட்டால் கோப்பைக் கேட்கிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வடிவமைப்பு, வீடியோ போன்ற கனமான வேலைக்கான ஒர்க்ஸ்டேஷன் மடிக்கணினிக்கு விலைப்புள்ளி கேட்டு எழுதுகிறவர்களுக்கு எங்களிடமிருந்து முதலில் போவது கேள்விகள்தான். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, உங்களிடம் உள்ள கோப்புகளிலேயே கனமானது எது, அது திறந்திருக்கும்போது ரேம் எவ்வளவு நிரம்புகிறது, மின் இணைப்பு இல்லாத இடத்தில் வேலை செய்வீர்களா? மாடல் பெயரைச் சொல்லி விலை கேட்டவருக்கு இது எரிச்சலூட்டும். மற்ற கடைகளில் உடனே விலை சொல்லிவிடுகிறார்களே என்று சிலர் எழுதியும் இருக்கிறார்கள். சொல்லலாம்தான். ஆனால் மாடல் பெயரைக் கொண்டு விலையைத்தான் சொல்ல முடியும். அந்தக் கணினி உங்கள் வேலைக்கு ஆகுமா என்பதை அது சொல்லாது. அது ஏன் என்று விளக்கவே இந்த மடல்.

முதலில் பெயரைப் பற்றி. மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை தமக்கு வசதியான அளவில் ஓட்டிக்கொள்ள என்விடியா நிறுவனம் கணினித் தயாரிப்பாளர்களை அனுமதிக்கிறது. மெல்லிய உடல் கொண்ட கணினியில் அது குறைந்த வாட்டில் ஓடும், தடித்த கணினியில் முழு வாட்டில் ஓடும். இரண்டிலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒன்றுதான். மேசைக் கணினியின் 4070 வேறு பொருள்: அதற்கு 200 வாட், 12 ஜிபி நினைவகம், மடிக்கணினியில் 8 ஜிபி. 4090 என்றால் மேசையில் 24 ஜிபி, மடியில் 16 ஜிபி. தொழில்முறை வரிசையும் இதற்கு விலக்கல்ல. ஆர்டிஎக்ஸ் 5000 ஏடா மேசைக் கணினியில் 32 ஜிபி, மடிக்கணினியில் 16 ஜிபி. அலுவலகக் கணினியில் சிரமமின்றி ரெண்டர் ஆன, அதாவது இறுதிப் படமாக உருவான காட்சி, அதே பெயர் கொண்ட சிப் உள்ள மடிக்கணினியில் நினைவகம் போதவில்லை என்று நின்றுவிடுவதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை. ஆகவே எங்கள் விலைப்புள்ளியில் கிராபிக்ஸ் சிப்பின் பெயருக்குப் பக்கத்தில் வாட்டும் ஜிபியும் எழுதப்பட்டிருக்கும். வேறு இடத்தில் வாங்குவதானாலும் இந்த இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள். சொல்லத் தயங்கினால் அதுவே ஒரு பதில்தான்.

அடுத்தது மென்பொருள். எங்கள் கேள்விகளில் பாதிக்கு மேல் இதைப் பற்றியதுதான், காரணத்தோடுதான். இயந்திர வடிவமைப்புக்கான சாலிட்வொர்க்ஸ், கட்டட வடிவமைப்புக்கான ரெவிட் போன்றவற்றில் ஒரு பாகத்தை மாற்றிவிட்டு மாதிரி மறுபடி உருவாகக் காத்திருக்கிறீர்களே, அந்த நேரத்தின் பெரும்பகுதி பிராசசரின் கணக்கிடும் அலகுகளான கோர்களில் ஒரே ஒன்றில்தான் கழிகிறது. ஒரு படி முடிந்தால்தான் அடுத்த படியைக் கணக்கிட முடியும் என்பதால் வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வழியில்லை. இந்த வேலைக்கு 24 கோர் பிராசசர் வாங்கினால் பெரும்பாலானவை வேடிக்கை பார்க்கும். இன்டெலின் 24 கோர் எச்எக்ஸ் பிராசசர்களில் முழு வேகக் கோர்கள் 8 மட்டுமே, மீதி 16 மின்சாரம் சேமிக்கும் சிறிய கோர்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஒற்றைக் கோரின் உச்ச வேகம் அதிகமுள்ள, விலை குறைந்த பிராசசர் வடிவமைப்பாளருக்குப் பெரும்பாலும் போதும்.

கட்டமைப்புப் பகுப்பாய்வு செய்கிறவர்களுக்குக் கணக்கு தலைகீழ். அங்கே கோர்கள் தேவை, ரேம் அதைவிடத் தேவை. ஆனால் கோர்களுக்குக் காசு கொடுக்கும் முன் உங்கள் மென்பொருள் உரிமம் எத்தனை கோர்களை அனுமதிக்கிறது என்று பாருங்கள். உரிமம் அனுமதிக்காத கோருக்குக் கணினியில் வேலை இல்லை. இதே துறையினர் அடிக்கடி ஏமாறும் இன்னோர் இடம் கிராபிக்ஸ் சிப். இவ்வகைக் கணக்குகளில் பல 64 பிட் துல்லியத்தைக் கேட்கின்றன. மடிக்கணினியில் வரும் ஆர்டிஎக்ஸ் சிப்கள் 32 பிட்டில் காட்டும் வேகத்தில் 64-இல் ஒரு பங்கைத்தான் 64 பிட்டில் தருகின்றன. விளம்பரத்தில் வருவது எப்போதும் முதல் எண்தான். திரவ ஓட்டக் கணக்குகளில் 32 பிட் போதும் என்கிற தீர்வுமுறைகள் சில உண்டு, அவற்றைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பெரிய சிப் பயன்படும். மற்றவர்கள் அந்தப் பணத்தை ரேமில் போடுவதே நல்லது.

வீடியோ தொகுப்பவர்களிடம் கேமராவின் பெயரை ஏன் கேட்கிறோம் என்பதற்கும் இதே போன்ற காரணம்தான். 4:2:2 நிற விவரத்துடன் 10 பிட்டில், எச்இவிசி என்ற சுருக்க முறையில் பதிவாகும் காட்சிகளை இன்டெல் பிராசசர்களுக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதி சில தலைமுறைகளாகவே இலகுவாகப் பிரித்துக் காட்டிவிடுகிறது. என்விடியாவின் சிப்களுக்கு அந்தத் திறன் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. அதனால், விலையுயர்ந்த 40 வரிசைச் சிப் இருந்தும் காலக்கோட்டை நகர்த்தும்போதெல்லாம் திக்கித் திணறும் கணினி உண்டு. சாதாரண சிப்புடன் இன்டெல் பிராசசர் சேர்ந்து வழுக்கிக்கொண்டு ஓடும் கணினியும் உண்டு.

சரி, 4070, 4090 போன்ற சாதாரண ஜிஃபோர்ஸ் சிப் போதுமா, தொழில்முறைச் சிப்தான் வேண்டுமா? இது எங்களிடம் மிக அதிகமாக வரும் கேள்வி. சிலிக்கான் பெரும்பாலும் ஒன்றே. வேறுபடுவது சிப்பை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளும் சான்றும்தான். சாலிட்வொர்க்ஸ், கட்டியா, கிரியோ போன்ற மென்பொருள் நிறுவனங்கள் குறிப்பிட்ட மாடலைக் குறிப்பிட்ட டிரைவர் பதிப்புடன் சோதித்துச் சான்றளிக்கின்றன. சான்றுள்ள கணினியில் சிக்கல் வந்தால் மென்பொருள் நிறுவனத்தின் உதவிப் பிரிவு காதுகொடுத்துக் கேட்கும். இல்லாத கணினி என்றால் முதல் பதிலே ‘எங்கள் பட்டியலில் இல்லையே’ என்பதுதான். சாலிட்வொர்க்ஸின் ரியல்வியூ காட்சிமுறை தொழில்முறைச் சிப்களுக்கு மட்டுமே திறக்கும். மேல்நிலைச் சிப்களில் நினைவகப் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் இசிசி வசதியும் உண்டு. இயந்திர வடிவமைப்பே பிழைப்பு என்றால் தொழில்முறைச் சிப் வாங்குங்கள், நடுத்தர நிலை போதும். முப்பரிமாணக் காட்சிக்கான பிளெண்டர், வீடியோ தொகுப்புக்கான டாவின்சி ரிசால்வ் என்று வேலை செய்பவருக்கு நாங்கள் அதை விற்க முயல்வதில்லை. அதே பணத்துக்கு ஜிஃபோர்ஸ் கூடுதல் வேகம் தரும்.

இனி ரேம். மடலில் ஒரே ஒரு பத்தியைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டு வருகிறது. வாங்கும் நாளில் 32 ஜிபி என்றால் கடைசி நாள் வரை 32 ஜிபிதான். கழற்றி மாற்றக்கூடிய பழைய சோடிம் அட்டைகள் தடித்த மாடல்களில் இன்னும் இருக்கின்றன. அவற்றில் நான்கு துளைகள் இருப்பதைப் பார்த்ததும் மகிழ்ந்துபோய் நான்கையும் நிரப்பச் சொல்கிறார்கள். நான்கும் நிரம்பினால் ரேம் ஓடும் வேகம் குறையும். எனவே 64 ஜிபி வேண்டுமென்றால் இரண்டு 32 ஜிபி அட்டைகளாகத் தருவோம். வேகமும் குறையாது, பின்னால் கூட்ட இடமும் இருக்கும். ஒரே 64 ஜிபி அட்டையாகக் கேட்காதீர்கள், ரேமுக்கும் பிராசசருக்கும் இடையே உள்ள இரண்டு பாதைகளில் ஒன்று காலியாகக் கிடக்கும். மூன்றாவது வழியாக டெல் நிறுவனம் 2022-இல் கேம் (CAMM) என்ற தட்டையான ரேம் அட்டையைக் கொண்டுவந்தது. 2023 டிசம்பரில், நினைவகத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு அதன் வழிவந்த கேம்2 வடிவத்தைப் பொதுத் தரமாக அறிவித்தது. மின்சாரம் குறைவாக எடுக்கும் எல்பிடிடிஆர் ரேமையும் இவ்வடிவில் கழற்றி மாட்டலாம். எதிர்காலம் இதில்தான் என்று நினைக்கிறோம். மாற்று அட்டைகள் இப்போதைக்குச் சோடிம் அளவுக்குத் தாராளமாகக் கிடைப்பதில்லை.

எவ்வளவு ரேம் வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் முன்னோர்கள். உங்கள் கனமான கோப்பைத் திறந்து, வழக்கமாகக் கூடவே திறந்திருக்கும் எல்லாவற்றையும் திறந்து, டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பக்கத்துக்குப் போங்கள். அங்கே ‘கமிட்டட்’ என்ற தலைப்பின் கீழ் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் கணினியில் உள்ள ரேமைத் தாண்டியிருந்தால் தேவை ரேமுக்குள் அடங்கவில்லை, எஸ்எஸ்டியின் உதவியோடு சமாளித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். அந்த எண்ணோடு பாதியளவு சேர்த்துக்கொண்டால் சில ஆண்டுகள் கவலையில்லை.

ஒரே நினைவகத்தைப் பிராசசரும் கிராபிக்ஸும் பகிர்ந்துகொள்ளும் கணினிகளைப் பற்றியும் இப்போது நிறையக் கேட்கிறீர்கள். செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளைச் சொந்தக் கணினியிலேயே ஓட்ட விரும்புகிறவர்களுக்கு இது கவனிக்கத்தக்க வழி. 7,000 கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரியை 4 பிட்டுக்குச் சுருக்கினாலும் அந்த அளவுருக்களுக்கு மட்டும் 35 ஜிபி வேண்டும். மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் ப்ரோ 5000 பிளாக்வெல்லின் 24 ஜிபியில்கூட அது கொள்ளாது. 128 ஜிபி வரை பகிர்ந்த நினைவகம் தரும் மேல்நிலை மேக்புக் ப்ரோவிலும், ஏஎம்டியின் ரைசன் ஏஐ மேக்ஸ் பிளஸ் 395 உள்ள கணினிகளிலும் கொள்ளும். வேகம் தனிச் சிப் அளவுக்கு இருக்காது, ஆனால் ஓடும். எனினும் என்விடியா சிப்களுக்கே உரிய கூடா (CUDA) நிரலாக்கத்தை நம்பியிருக்கும் மென்பொருள் உங்களிடம் இருந்தால் இரண்டும் ஆகாது. ரெவிட், சாலிட்வொர்க்ஸ், ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ ஆகியவற்றுக்கு மேக் பதிப்பே இல்லை.

வெப்பத்தைப் பற்றி எந்த விளம்பரமும் பேசாது. இன்டெலின் 13-ஆம் தலைமுறை எச்எக்ஸ் பிராசசருக்கு அடிப்படை மின்தேவை 55 வாட், உச்சத்தில் 157 வாட். மதிப்பாய்வுகளில் வரும் குறுகிய சோதனை அந்த உச்சத்தை அளக்கிறது. உங்கள் ரெண்டர் மணிக்கணக்கில் ஓடும்போது விசிறியும் செம்புக் குழாய்களும் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற முடிகிறதோ அந்த அளவுக்குத்தான் பிராசசர் ஓடும். இதனால்தான் மெல்லிய உடலில் இருக்கும் விலையுயர்ந்த பிராசசர், தடித்த உடலில் இருக்கும் ஒரு படி குறைந்த பிராசசரிடம் தோற்கிறது. நாங்கள் ஒவ்வொரு மாடலையும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் முழுச் சுமையில் ஓட்டி, நிலைபெற்ற வேகத்தைக் குறித்து வைக்கிறோம். கேட்டால் அனுப்புவோம்.

பேட்டரியைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வதே நல்லது. விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகும் எல்லை 100 வாட் மணி என்பதால் பெரிய மாடல்களும் அதற்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகின்றன. 150 வாட் இழுக்கும் வேலைக்கு அது 40 நிமிடம். அதுவும் காகிதக் கணக்கு. பேட்டரியில் ஓடும்போது பெரும்பாலான கணினிகள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். களத்தில் வேலை என்றால் சார்ஜரின் எடையையும் சேர்த்துப் பையின் எடையைக் கணக்கிடுங்கள். யுஎஸ்பி-சி வழியாக 240 வாட் வரை அனுப்பலாம் என்ற தரம் 2021-இல் வந்துவிட்டது. ஆனாலும் மடிக்கணினிக்கு மின்சாரமும் பிற இணைப்புகளும் ஒரே கம்பியில் தரும், மேசையில் வைக்கும் டாக் பல 100 வாட்டோடு நின்றுவிடும். அதில் இணைத்துவிட்டு ரெண்டர் போட்டால் பேட்டரி மெல்லக் கரைவதைப் பார்க்கலாம்.

திரையும் எஸ்எஸ்டியும் சிக்கல் குறைந்தவை. திரை காட்டக்கூடிய நிற வரம்பைப் பொறுத்தவரை, அச்சு வேலைக்கு அடோப் ஆர்ஜிபி, காணொளிக்கு டிசிஐ-பி3, மற்றவர்களுக்கு எஸ்ஆர்ஜிபி முழுமையாக இருந்தால் போதும். நாள் முழுதும் ஒரே கருவிப்பட்டை நிற்கும் வடிவமைப்பு வேலைக்கு ஓலெட் திரையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை, தடம் பதியும் அபாயம் உண்டு. எஸ்எஸ்டி இரண்டு துளைகள் உள்ள மாடலாக எடுங்கள், அமைப்புக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று. இரண்டையும், கோப்புகளைப் பிரித்து இரண்டிலும் எழுதும் ரெய்டு 0 முறையில் இணைத்துத் தரச் சொல்பவர்களிடம் வேண்டாம் என்றே சொல்கிறோம். ஒன்று பழுதானால் இரண்டிலும் உள்ளது போய்விடும்.

கணினி கைக்கு வந்தபின் முதல் வாரத்தில் சில வேலைகள் இருக்கின்றன. உங்கள் மென்பொருள் உண்மையில் எந்தச் சிப்பில் ஓடுகிறது என்று பாருங்கள். பிராசசருக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸில் ஓடிக்கொண்டிருந்தால் விண்டோஸின் கிராபிக்ஸ் அமைப்பில் அந்த மென்பொருளுக்கு உயர்வேகச் சிப்பைத் தேர்ந்துவிடுங்கள். சேவைக்கு வரும் ‘மெதுவாக இருக்கிறது’ புகார்களில் கணிசமானவை இதிலேயே தீர்ந்துவிடுகின்றன. டிரைவரைப் புதிய பதிப்புக்கு மாற்றும் முன் சான்றுப் பட்டியலில் உள்ள பதிப்பைப் பாருங்கள். பழையதாக இருந்தாலும் அதையே போடுங்கள். விண்டோஸில் கோப்புகளைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புக் குறியீட்டைக் கணினிக்கு வெளியே எங்காவது எழுதி வையுங்கள். தாய்ப்பலகையை மாற்ற நேர்ந்தால் அது இல்லாமல் உங்கள் கோப்புகளை எங்களாலும் திறக்க முடியாது.

இனி விலைப்புள்ளி கேட்கும்போது மென்பொருளின் பெயரும் பதிப்பும், டாஸ்க் மேனேஜர் பக்கத்தின் ஒரு படம், நீங்கள் எதற்காக அதிக நேரம் காத்திருக்கிறீர்கள் என்று ஒரு வரி, இவை மூன்றும் இருந்தால் மறு கேள்வி கேட்காமல் விலையை அனுப்பிவிடுவோம். கோப்பையே அனுப்பினால் இன்னும் நல்லது. ஒப்பந்தக் கட்டுப்பாட்டால் வெளியே தர முடியாத கோப்பு என்றால் உங்கள் வன்தட்டிலேயே கொண்டுவாருங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில் நீங்களே திறந்து, நீங்களே ஓட்டிப் பார்த்து, கையோடு எடுத்துப் போகலாம். கிளம்பும் முன் அந்தக் கணினியின் எஸ்எஸ்டியை உங்கள் கண் முன்னாலேயே அழித்துவிடுவோம்.

அன்புடன்,
விற்பனை மற்றும் சேவைப் பிரிவு