ஐஸில் போக வேண்டிய இரத்தம்

அன்பு மகள் கலாவுக்கு,

நேற்று போனில் நீ அழ ஆரம்பித்ததும் எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பிள்ளைக்கு ஒன்பது மாதமாகியும் தலை நிற்கவில்லை என்றால் டாக்டர் இந்த டெஸ்ட்டெல்லாம் எழுதத்தான் செய்வார். குடியாத்தத்திலேயே இரத்தம் எடுத்து வேலூருக்கு அனுப்பிவிடலாமே என்கிறாள் உன் அம்மா. வேண்டாம் கண்ணு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலூருக்கே வா. லேபிலேயே காலம் தள்ளியவன் சொல்கிறேன், அம்மோனியா, அதாவது புரதம் உடையும்போது வரும் கழிவு, அதைப் பார்க்க எடுத்த இரத்தத்தை ஐஸில் வைத்து உடனே மெஷினுக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் தாமதமானால் குழாய்க்குள்ளேயே அம்மோனியா ஏறிவிடும். இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும்.

இரத்தத்தில் சேரும் லாக்டேட் என்கிற அமிலத்தைப் பார்க்கும் டெஸ்ட்டும் அப்படித்தான். செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா சரியாக வேலை செய்யாவிட்டால் அது ஏறும். குழந்தை கை காலை உதைத்து அழுதாலும் ஏறும், கையில் ரப்பரை இறுக்கிக் கட்டினாலும் ஏறும். பிள்ளையை மடியில் வைத்துத் தட்டிக்கொடு. அடங்கின பிறகு, முடிந்தால் ரப்பர் கட்டாமல் எடுக்கச் சொல். சாம்பல் நிற மூடி போட்ட குழாயா என்று பார், அதில்தான் லாக்டேட் ஏறாமல் தடுக்கும் மருந்து இருக்கும். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

குதிகாலில் குத்தி வடிதாளில் சொட்டு எடுப்பது வேறு. ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்க டாக்டர் 1960களில் கொண்டுவந்த முறை அது. புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலமும், கொழுப்பு சரியாக எரிகிறதா என்று காட்டும் அசைல்கார்னிட்டினும் அதில் பார்ப்பார்கள். காய்ந்த பிறகு தபாலில்கூடப் போகும். நிழலில்தான் காய வேண்டும், நம்ம ஊர் வெயிலில் அல்ல.

லாக்டேட் நார்மல் என்று வந்தாலும் மைட்டோகாண்ட்ரியா நோய் இல்லை என்று முடிவு கட்ட மாட்டார்கள். சிறுநீரும் மரபணு டெஸ்ட்டும் கேட்கலாம். பயப்படாதே.

அப்புறம், 'தாய் வழி வியாதி' என்று உன் மாமியார் சொன்னாராமே. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தாயிடமிருந்து வருவது 37 மரபணுதான். அதை நடத்தும் மற்ற ஆயிரத்துச் சொச்சமும் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வருகிறது. குழந்தைகளுக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா நோய்களில் பெரும்பாலானவை அந்த வகைதான். தாய் வழியிலேயே வந்திருந்தாலும் அதில் உன் குற்றம் என்ன இருக்கிறது? இதை மாப்பிள்ளையிடமும் படித்துக் காட்டு.

டாக்டர் சொன்ன நேரத்துக்கு மேல் பிள்ளையைப் பட்டினி போடாதே. வாந்தியோ, எழுப்பினால் எழாத தூக்கமோ இருந்தால் டெஸ்ட் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ.

பழைய ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வா. காட்பாடிக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று சொல், ஸ்டேஷனில் இருப்பேன்.

அப்பா