கணக்கு வாத்தியாரின் விண்ணப்பமும் காகிதமே இல்லாத பெரிய மனிதர்களும்

ஃபுளோரிடா மாநிலச் சட்டமன்றத்தின் 120 பிரதிநிதிகளுக்கும் 40 செனட்டர்களுக்கும்,

வணக்கம். பொதுப் பல்கலைக்கழகங்கள் ஃபுட்பால் பயிற்சியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் விதத்தையும் உங்கள் பொது ஆவணச் சட்டத்தையும் பற்றிய மடல் இது. இந்த மடலின் ஆங்கிலப் பிரதியை உங்களுக்குத் தனியாக அனுப்பப் போகிறேன். முதலில் தமிழில் எழுதுவதற்குக் காரணம், எனக்குக் கோபம் தமிழில்தான் ஒழுங்காக வரும். அப்புறம், ஆர்லாண்டோவிலும் டாம்பாவிலும் ஜாக்சன்வில்லிலும் பிள்ளைகளை மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டு, ரசீதில் அத்லெட்டிக் ஃபீ (விளையாட்டுக் கட்டணம்) என்று ஒரு வரியைப் பார்த்து இது எதற்கு என்று முழிக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

அவர்களுக்காக ஒரு வார்த்தை: நான் சொல்லும் ஃபுட்பால் நம் ஊர்க் கால்பந்து இல்லை. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு முட்டி மோதுகிற ஆட்டம். வந்த புதிதில் எனக்கு அது ரக்பிக்கும் ரகளைக்கும் நடுவில் ஏதோ ஒன்றாகத்தான் தெரிந்தது. மகன் பள்ளி பேண்டில் டிராம்போன் வாசிக்கப் போன பிறகு, வெள்ளிக்கிழமை ராத்திரியெல்லாம் மைதானத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, நாலாவது டவுனில் உதைப்பதா ஓடுவதா என்று பக்கத்து இருக்கைக்காரரோடு சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

அந்தப் பள்ளியில்தான் கணக்கு வாத்தியாரைத் தெரியும். பகலில் அல்ஜீப்ரா ஆசிரியர், சாயங்காலம் ஃபுட்பால் அணியின் உதவிப் பயிற்சியாளர். சில வருடங்களுக்கு முன் இங்குள்ள ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் வேலை காலியானது. இவர் விண்ணப்பம் போட்டார். கிடைக்காது என்று அவருக்கே தெரியும். பின்னே எதற்கு என்று கேட்டதற்கு, "பெயராவது அவர்கள் கண்ணில் பட்டிருக்கும், அடுத்த முறை ஏதாவது சின்ன வேலைக்குக் கூப்பிடலாம் இல்லையா" என்றார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மூன்று பக்கக் கடிதம் எழுதியிருந்தார்.

யாரோ ஒருவர் அந்த வேலைக்கு வந்த விண்ணப்பங்கள் மொத்தத்தையும் கேட்டு வாங்கிவிட்டார். கேட்டால் கொடுக்க வேண்டியதுதான், சட்டம் அப்படி. வீடியோ கேமில் பத்து வருடம் தொடர்ந்து சாம்பியன்ஷிப் ஜெயித்திருக்கிறேன் என்று எழுதியிருந்த ஆள், என் நாய்க்கு வேலை கொடுங்கள் என்று எழுதியிருந்த ஆள், இவர்களுக்கு நடுவில் நம் கணக்கு வாத்தியாரின் மூன்று பக்கமும் ஊர் சிரிக்க வெளியே வந்தது. பையன்கள் அதிலிருந்து ஒரு பத்தியை அச்செடுத்து லாக்கர் அறையில் ஒட்டினார்கள். பள்ளியின் தலைமைப் பயிற்சியாளர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த ஆட்டத்திலிருந்து இவர் காதில் ஹெட்செட் இல்லை. அடுத்த சீசனில் ஆளே இல்லை.

வேலை யாருக்குக் கிடைத்தது? அவருடைய விண்ணப்பமும் அந்தக் கட்டில் இருந்தது. பெயர், முகவரி, கையெழுத்து, அவ்வளவுதான். தேதி மட்டும் வேடிக்கையானது. நியமனத்தை மேடை போட்டு அறிவித்து, தொப்பி மாட்டிப் படம் எடுத்த பிறகு, இரண்டு நாள் கழித்துப் போட்ட தேதி.

நான் இந்த மடலை எழுதுவது இந்த இரண்டு விண்ணப்பங்களுக்காகத்தான். உங்கள் சட்டம் சின்ன மனிதனின் காகிதத்தைத் தெருவில் போடுகிறது. பெரிய மனிதனிடம் காகிதமே இல்லாததால் அவரை அது தொடுவதே இல்லை.

தப்பாக நினைத்துவிடாதீர்கள், உங்கள் பொது ஆவணச் சட்டத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 119ஆம் அத்தியாயம், அதற்கு மேலே 1992இல் மக்கள் வாக்களித்து அரசமைப்பிலேயே சேர்த்த உரிமை. கேட்பவர் தான் யார் என்று சொல்ல வேண்டாம், எதற்கு என்று சொல்ல வேண்டாம், ஒரு பக்கத்துக்கு 15 சென்ட் நகல் கட்டணம். பக்கத்து ஜார்ஜியாவைப் பாருங்கள். 2016இல் கர்பி ஸ்மார்ட் அங்கே ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் பயிற்சியாளராக வந்த கையோடு மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒரு நடை போய்வந்தார். அதே வருடம் விளையாட்டுத் துறை ஆவணம் என்றால் பதில் சொல்ல 3 நாள் போதாது, 90 நாள் வேண்டும் என்று சட்டத்தையே மாற்றினார்கள். ஊரில் அதற்குக் கர்பி ஸ்மார்ட் சட்டம் என்றே பெயர். நீங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை, சந்தோஷம்.

ஆனால் நடைமுறையைப் பாருங்கள். பெரிய பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராக வருகிறவர் யாரும் இணையத்தில் படிவம் நிரப்பி, இணைப்பில் பயோடேட்டா சேர்த்து, சமர்ப்பி என்ற பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பதில்லை. அவருடைய ஏஜென்ட் பேசுவார், பல்கலைக்கழகத்தின் சார்பில் ஆள் தேடித் தரும் ஒரு நிறுவனம் பேசும், இரண்டு பேரும் தொலைபேசியில் பேசுவார்கள், எதையும் எழுத மாட்டார்கள். 2021 நவம்பர் 21 அன்று கெய்ன்ஸ்வில்லில் ஃபுளோரிடா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டேன் மல்லனை வேலையை விட்டு அனுப்பினார்கள். சரியாக ஒரு வாரம், 28ஆம் தேதி பில்லி நேப்பியர் வருகிறார் என்று அறிவிப்பு. ஏழு நாளில் விளம்பரம் போட்டு, விண்ணப்பம் வாங்கி, பிரித்து, நேர்காணல் வைத்து, ஒப்பிட்டுத் தேர்ந்தெடுத்தார்கள் என்று உங்களில் யாராவது நம்புகிறீர்களா? நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, இந்தத் தொழில் அப்படித்தான் ஓடுகிறது, டிசம்பரில் பள்ளிப் பையன்கள் கல்லூரி அணியில் சேரக் கையெழுத்துப் போடுவதற்குள் ஆள் வேண்டும். ஆனால் அப்படி வந்தவரை 2025 அக்டோபரில் 22 வெற்றி 23 தோல்வி என்ற கணக்கோடு அனுப்பும்போது கொடுக்க வேண்டிய பாக்கி சுமார் 2.1 கோடி டாலர். அவருக்கு முன்னால் மல்லனுக்கு 1.2 கோடி. டாலஹாசியில் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2019இல் 21 ஆட்டம் மட்டும் பார்த்துவிட்டு வில்லி டாகர்ட்டை அனுப்பியதற்கு ஏறக்குறைய 1.8 கோடி. போகச் சொல்வதற்கு மட்டும் 5 கோடி டாலர் அளவுக்கு! இதெல்லாம் வரிப்பணம் இல்லை, டிக்கெட் காசு, தொலைக்காட்சிக் காசு, நன்கொடையாளர் காசு என்பீர்கள். பெரும்பாலும் சரிதான். அப்படியானால் என் பிள்ளையின் ரசீதில் அந்த வரி எதற்கு என்று கேட்க மாட்டேன், பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

நான் கேட்பது இது: இந்தத் தேர்வில் வேறு யார் யாரிடம் பேசினார்கள், யார் பரிந்துரைத்தார்கள், பழைய வேலையில் அவர் எப்படி என்று யாரைக் கேட்டார்கள் என்பதில் ஒரு வரிகூட ஆவணமாக இல்லை. ஆவணம் இல்லாததைக் கேட்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. பல்கலைக்கழகத்துக்காக வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனத்தின் காகிதங்களும் பொது ஆவணமே என்று உங்கள் சட்டத்திலேயே இருக்கிறது, படித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். காகிதம் இருந்தால்தானே!

பெயர் வெளியே வந்தால் நல்ல ஆட்கள் வரமாட்டார்கள் என்று ஒரு வாதம் எப்போதும் உண்டு. அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சீசன் நடுவில் ஒரு பயிற்சியாளர் இன்னோர் இடத்துக்கு முயல்கிறார் என்று தெரிந்தால் அவர் கையில் இருக்கும் அணி சிதறும், அவர் சேர்க்க நினைக்கும் பையன்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் ரகசியம் என்று நீங்கள் நம்புவது ரகசியமாகவா இருக்கிறது? டிசம்பர் வந்தால் எந்தத் தனி விமானம் எந்த ஊரில் இறங்குகிறது என்று ரசிகர்கள் வால் எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடுகிறார்கள். 2003 நவம்பரில் அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத் தலைவரும் விளையாட்டுத் துறைக்குத் தலைவரான அத்லெட்டிக் டைரக்டரும் இரண்டு அறங்காவலர்களுடன் ஒரு தனி விமானத்தில் ஏறிப் போய், லூயிவில் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பாபி பெட்ரினோவை ரகசியமாகப் பார்த்துவிட்டு வந்தார்கள். அப்போது வேலையில் இருந்தவர் டாமி டபர்வில், பின்னாளில் அமெரிக்க செனட்டர் ஆனாரே, அவரேதான். அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. விஷயம் வெடித்தது, டபர்வில் வேலையில் நீடித்தார், பல்கலைக்கழகத் தலைவர் ஜனவரியில் பதவி விலகினார். அடுத்த வருடம் அதே டபர்வில் 13 ஆட்டத்தில் 13ம் ஜெயித்துக் காட்டினார். மாற்ற வேண்டும் என்று யாரை நினைத்தார்கள் பாருங்கள்.

இன்னொன்று உங்களுக்கே நெருக்கமான கதை. ஜார்ஜ் ஓலியரி. 2001 டிசம்பரில் நோட்டர்டேம் பல்கலைக்கழகம் அவரைப் பயிற்சியாளராகப் பெருமையாக அழைத்து வந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம், நியூ ஹாம்ப்ஷயரில் மூன்று வருடம் கல்லூரி அணிக்கு ஆடியவர் என்று அவருடைய குறிப்பில் இருந்தது. நியூ ஹாம்ப்ஷயர் நாளிதழ் நிருபர் ஒருவர், நம் ஊர்ப் பையன் பெரிய ஆள் ஆகிவிட்டானே, கூட ஆடியவர்களிடம் நாலு வார்த்தை கேட்டு எழுதலாம் என்று போன் போட்டிருக்கிறார். கூட ஆடியவர் யாருமே இல்லை. அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பட்டமும் இல்லை. ஐந்தே நாளில் ராஜினாமா. பல வருடமாக ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்குக் கூடவே வந்த பொய் அது. ஆளை வேலைக்கு எடுத்த எந்தக் கமிட்டியும் பிடிக்காததை, பாராட்டி எழுத வந்த ஒரு நிருபர் பிடித்தார். ஓலியரி அப்புறம் நம் ஆர்லாண்டோவில் இருக்கும் சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்கு வந்து 2004இல் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் ஆரம்பித்து, 2014 ஜனவரியில் ஃபியஸ்டா பவுல் என்ற பெரிய ஆட்டத்தை வென்று கொடுத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதிர்வீட்டுக்காரர் என்னோடு பேச மாட்டார். நல்ல பயிற்சியாளர்தான். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வாரம் அந்தக் குறிப்பு பொதுவில் இருந்திருந்தால் நோட்டர்டேமுக்கும் அவமானம் இல்லை, அவருக்கும் இல்லை.

சரி, இதை எப்படிச் சரிசெய்வது? மினசோட்டாவில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பொது வேலைக்கு விண்ணப்பிப்பவரின் பெயர் தனிப்பட்ட தகவல். அவருடைய படிப்பு, வேலை அனுபவம் இதையெல்லாம் பார்க்கலாம், பெயர் மட்டும் கிடைக்காது. இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டார் என்று எப்போது ஆகிறதோ அப்போது பெயரும் பொது. நம் கணக்கு வாத்தியார் அங்கே இருந்திருந்தால், "பள்ளி உதவிப் பயிற்சியாளர், இத்தனை வருட அனுபவம்" என்று மட்டும் வெளியே வந்திருக்கும். யாரும் லாக்கர் அறையில் ஒட்டியிருக்க மாட்டார்கள்.

நீங்கள் 2022இல் இதைப் போலத்தான் செய்தோம் என்பீர்கள். பல்கலைக்கழகத் தலைவர் பதவிக்கு விண்ணப்பிப்பவர்களின் பெயரை மறைத்து, இறுதிப் பட்டியலில் இருப்பவர்களை மட்டும் 21 நாளுக்கு முன்னால் சொன்னால் போதும் என்று சட்டம் போட்டீர்கள். அதில்தான் ஓட்டை. இறுதிப் பட்டியலில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று வைக்கவில்லை. அதே வருடம் அக்டோபரில் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் பட்டியலை வெளியிட்டது. ஒரே ஒரு பெயர், நெப்ராஸ்கா செனட்டர் பென் சாஸ். 2025இலும் ஒரே பெயர், சாண்டா ஓனோ. அறங்காவலர்கள் ஒருமனதாக ஏற்றார்கள், மேலே இருக்கும், மாநிலப் பல்கலைக்கழகங்களை மேற்பார்வை பார்க்கும் ஆளுநர் குழு 10க்கு 6 என்ற ஓட்டில் தள்ளிவிட்டது. ஒற்றை ஆள் பட்டியலை எந்த ஊரிலாவது பட்டியல் என்று சொல்வார்களா?

அந்தச் சட்டம் 2027 அக்டோபர் 2 அன்று தானாகக் காலாவதி ஆகிறது, நீங்கள் மறுபடி நிறைவேற்றினால் தவிர. அதைக் கையில் எடுக்கும்போது, அப்படியே பயிற்சியாளர்களையும் சேர்த்துவிடலாமே என்று யாராவது ஒரு அத்லெட்டிக் டைரக்டர் உங்கள் காதில் போடாமல் இருக்க மாட்டார். ஆவணத்தை மறைக்கும் புதிய விலக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், அதனால்தான் இப்போதே எழுதுகிறேன், உங்களில் கொஞ்சம் பேர் முரண்டு பிடித்தாலே போதும்.

எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இறுதிச் சுற்றுக்கு வராதவரின் பெயரையும் வீட்டு முகவரியையும் மறையுங்கள், அனுபவத்தைக் காட்டுங்கள். இறுதிச் சுற்று என்றால் குறைந்தது மூன்று பெயர். பல்கலைக்கழகமோ அதன் சார்பில் ஆள் தேடும் நிறுவனமோ வேலை விஷயமாக யாரிடம் பேசினாலும், தொலைபேசியோ விமானமோ ஹோட்டல் அறையோ, பெயரும் தேதியும் ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தப் பதிவேடு ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிற அன்றே பொதுவில் வர வேண்டும், அதுவரை மூடி இருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. பயிற்சியாளர் தேடலின் அவசரம் புரிகிறது, அதனால்தான் 21 நாள் கேட்கவில்லை. பதிவேடு வைக்காத நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது. இதில் கடைசி வரிதான் முக்கியம், மற்றதை எல்லாம் வெட்டினாலும் அதை வெட்டாதீர்கள்.

கணக்கு வாத்தியார் இப்போது வேறு மாவட்டத்தில் பாடம் நடத்துகிறார், மைதானத்துப் பக்கம் போவதில்லை. இந்த மடலைப் பற்றிச் சொன்னபோது, என் பெயரைப் போடாதே என்றார். போடவில்லை. என் பெயரும் முகவரியும் ஆங்கிலப் பிரதியில் இருக்கின்றன. அது உங்கள் அலுவலகத்துக்கு வந்த நிமிடத்திலிருந்து பொது ஆவணம்தான், வேண்டுபவர் பக்கத்துக்கு 15 சென்ட் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஆர்லாண்டோ பக்கத்திலிருந்து ஒரு டிராம்போன்காரனின் அப்பா